நாய் இனிப்பைத் தின்றால்: கண்டிச் சூழலில் நான்கு விடைகளும் அவற்றின் எல்லைகளும்

சித்திரைப் புத்தாண்டுக்குக் கவுமும் கொக்கிஸும், வெசாக்குக்குத் தன்சல் எனும் இலவச உணவுப் பந்தல், எசல பெரஹராக் காலத்தில் தெருவோரமெங்கும் கச்சான் அல்வாவும் பஞ்சுமிட்டாயும், தீபாவளிக்கு லட்டு, நத்தாருக்குக் கேக். கண்டியில் இனிப்பில்லாமல் ஒரு பருவமும் கழிவதில்லை. அதில் ஒரு பங்கு, கையால் போட்டதோ களவாக எடுத்ததோ, நாய்க்கும் போய்ச் சேர்கிறது. அதைக் கண்டவர் கேட்கும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: இப்போது என்ன செய்வது?

இதற்கு நெடுங்காலமாக நான்கு வகை விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. இனிப்பே நாய்க்கு ஆகாது என்பது முதலாவது. உடனே கக்க வை என்பது இரண்டாவது. எவ்வளவு தின்றது என்று கணக்குப் பார் என்பது மூன்றாவது. எதையும் செய்யாமல் வைத்தியரிடம் கொண்டுபோ என்பது நான்காவது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பண்டத்துக்குப் பொருந்துகிறது. வேறொன்றுக்குப் பொருந்தாமல் போகிறது, சில வேளைகளில் கேடாகவும் முடிகிறது. இவை எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன, கண்டியின் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் எவ்வளவு ஒத்துவருகின்றன என்பதை இக்கட்டுரை ஒழுங்குபடுத்திப் பார்க்கிறது.

ஒரு சொல், பல பண்டங்கள்

விடைகள் முரண்படுவதற்கு முதற்காரணம் 'இனிப்பு' என்ற சொல்லே. அது நாவின் சுவையை வைத்து இட்ட பெயர். உடலுக்குள் நடப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அச்சுவையை உணரும் மரபணு அதனிடம் பழுதுபட்டிருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினர். நாய் அப்படியல்ல. அதற்குச் சீனி இனிக்கும். மனிதனோடு வாழ்ந்த காலத்தில் மாச்சத்தைச் செரிக்கும் திறனும் அதற்கு ஓநாயைவிடப் பெருகியிருப்பதாக 2013இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கூறுகிறது. ஆகவே நாய் இனிப்பைத் தேடிப்போவது அதற்கு இயல்பானதே.

நச்சியல் நோக்கில் பார்த்தால் கண்டி வீட்டில் இருக்கும் இனிப்புகள் ஐந்து வகைக்குள் அடங்கும். கித்துள் கருப்பட்டி, தொதல், அலுவா, எள்ளுருண்டை, டொபி போலச் சீனியும் மாவும் எண்ணெயுமானவை முதல் வகை. சொக்லட்டும் கொக்கோ சேர்ந்த பிஸ்கட், கேக் முதலியவையும் இரண்டாவது. சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி சேர்த்த 'சீனியற்ற' சூயிங்கமும் மிட்டாயும் மூன்றாவது. முந்திரிகை வற்றல் எனப்படும் உலர்திராட்சை கலந்த கேக்கும் பாயசமும், ஒருவேளை புளி மிட்டாயும், நான்காவது. ஐந்தாவது, இவற்றைச் சுற்றியிருக்கும் தாளும் ஈயத்தாளும் லொலிபொப் குச்சியும். முதல் வகை பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு முடியும். இரண்டாவதும் மூன்றாவதும் உயிரைப் பறிக்கலாம். நான்காவது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். ஐந்தாவது குடலை அடைக்கலாம். ஐந்துக்கும் ஒரே விடை தேடியவர்களிடம்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதல் விடை: இனிப்பே ஆகாது

மலையகத்திலும் கண்டி நகரிலும், தமிழரிடமும் சிங்களவரிடமும் முஸ்லிம்களிடமும், அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சீனி தின்றால் நாய்க்குப் புழு வரும், சொறி பிடிக்கும், மயிர் கொட்டும், கண் மங்கும் என்பார்கள். நெய் ஒத்துக்கொள்ளாது என்பதும் இதன் உடன்பிறப்பு.

இந்த நம்பிக்கையை முற்றாகத் தள்ள முடியாது. தொதல் போன்ற எண்ணெய் வழியும் பண்டத்தை ஒரேயடியாகத் தின்ற நாய்க்கு வாந்தியும் பேதியும் வரும். கொழுப்பு மிகுந்த உணவு சிலவற்றுக்குச் சதையி அழற்சியையும் கிளப்பிவிடும். நாள்தோறும் தேநீரோடு பிஸ்கட் வாங்கிப் பழகிய வீட்டு நாய் கொழுக்கும், பல் கெடும். இவ்வளவும் உண்மை. புழுவின் கதை வேறு. குட்டிகளிடம் காணும் வட்டப்புழு பெரும்பாலும் தாயின் கருப்பையிலிருந்தும் பாலிலிருந்தும் வருவது. சொறி சிற்றுண்ணியால் வருவது. சீனிக்கு இவற்றில் நேரடிப் பங்கில்லை.

இவ்விடையின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்லா இனிப்பையும் ஒரே தட்டில் வைப்பதால், கருப்பட்டித் துண்டுக்கும் கொக்கோத் தூளுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. பத்து முறை டொபி தின்று ஒன்றும் ஆகாத நாயைப் பார்த்தவர், பதினோராவது முறை அது கறுப்புச் சொக்லட் தின்றபோதும் 'ஒன்றும் ஆகாது' என்று இருந்துவிடுகிறார். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று: சீனியே குற்றவாளி என்றால் சீனியில்லாதது பத்திரமானது என்றாகிவிடும். நாயின் கதையில் அது நேர்மாறு.

இலங்கையில் பானங்களின் சீனி அளவைக் காட்டும் நிறக்குறி 2016இல் வந்தது. பின்னர் திண்ம உணவுகளுக்கும் விரிந்தது. சிவப்பு மிகுதி, பச்சை குறைவு. மனிதரின் நீரிழிவை எண்ணி வகுத்த அந்தக் குறியை நாய்க்கும் பொருத்திப் பார்ப்பவர் ஏமாறுவார்.

இரண்டாம் விடை: உடனே கக்க வை

நஞ்சு உள்ளே போனால் வெளியே எடு என்பது மனித வைத்தியத்திலிருந்து நாய்க்கு வந்த முறை. உப்புத் தண்ணீர், கடுகுக் கரைசல், சவர்க்காரத் தண்ணீர், புளிக் கரைசல், தேங்காய்ப்பால் என்று வீட்டுக்கு வீடு மருந்து மாறும். உப்பைப் பழைய மேலைநாட்டுக் கைநூல்களும் பரிந்துரைத்தன.

இன்று உப்பை எந்தப் பாடநூலும் ஏற்பதில்லை. காரணத்தை ஒரு மேசைக்கரண்டியில் காட்டலாம். அதில் ஏறத்தாழ 18 கிராம் உப்புப் பிடிக்கும். நாயின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 2 கிராம் அளவில் உப்பு நஞ்சாகத் தொடங்குகிறது. 4 கிராம் அளவில் கொல்லலாம். அப்படியானால் 4 கிலோ பொமரேனியன் ஒன்றுக்கு ஊட்டிய ஒரு கரண்டி உப்பு, அது கக்காமல் போனால், அது தின்ற சொக்லட்டைவிடக் கொடியது. சவர்க்காரம் நுரைத்து மூச்சுக்குழாய்க்குள் போகும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு சதையியைச் சீண்டலாம். புளிக் கரைசலின் சிக்கல் பின்னால் வருகிறது.

உப்பு விட்டுச்சென்ற இடத்துக்கு 3 சதவீத ஐதரசன் பரஒட்சைட்டு வந்தது. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஒப்பாய்வு ஒன்று, வைத்தியர் ஊசியாகக் கொடுக்கும் அப்போமோர்ஃபினுக்கு அது ஏறத்தாழ நிகராகவே கக்க வைக்கிறது என்றது. ஆனால் 2017இல் நாய்களின் இரைப்பைக்குள் கருவி விட்டுப் பார்த்தவர்கள், பரஒட்சைட்டு கொடுத்த நாய்களின் இரைப்பைச் சுவரில் புண்களைக் கண்டனர். ஆகவே வைத்தியர் தொலைபேசியில் அளவைச் சொல்லி, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் என்ற இடத்துக்கு அது இறங்கிவிட்டது. அதைவிட வலிமையான கரைசல்கள் கடைகளில் இருப்பதால் போத்தலைப் பாராமல் ஊற்றுவது பேராபத்து.

கக்க வைப்பதற்கு நேரமும் உண்டு. பொதுவாகத் தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பலன் கூடுதல். சொக்லட் வயிற்றில் பிசினாகத் திரண்டு கிடப்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். நடுக்கமோ மயக்கமோ வலிப்போ தொடங்கிய நாயையும், பக் போன்ற சப்பை மூக்கு நாயையும், கூர்மையான குச்சியை விழுங்கிய நாயையும் வீட்டில் கக்க வைக்கக் கூடாது என்பதில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை.

மூன்றாம் விடை: அளவைக் கணக்கிடு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் பழமொழியும், அளவே நஞ்சை ஆக்குகிறது என்ற 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர் பாரசெல்சசின் கொள்கையும் ஒரே திசையில் நிற்கின்றன. சொக்லட்டைப் பொறுத்தவரை இந்தப் பார்வையே இன்று உலகெங்கும் ஆள்கிறது.

கொக்கோவில் இருக்கும் தியோபுரோமினே முதன்மை நஞ்சு. கஃபீன் அதற்குத் துணை. நாயின் உடல் தியோபுரோமினை மிக மெதுவாகவே கழிக்கிறது: இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் அமைதியின்மை, தாகம், வாந்தி. 40 முதல் 50 அளவில் இதயத் துடிப்பு தறிகெடும். 60ஐ எட்டினால் வலிப்பு வரலாம். ஒரு கிராம் பால் சொக்லட்டில் ஏறத்தாழ 2 மில்லிகிராம், கறுப்புச் சொக்லட்டில் 5, கொக்கோத் தூளில் 20 அல்லது அதற்கும் மேல். வெள்ளைச் சொக்லட்டில் பெயருக்குத்தான்.

12 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொல்லை தொடங்கும் 240 மில்லிகிராமை எட்ட அது 120 கிராம் பால் சொக்லட் தின்ன வேண்டும். கறுப்பு என்றால் 48 கிராம் போதும். கொக்கோத் தூள் என்றால் 12 கிராம், கேக் செய்ய எடுத்து வைத்த இரண்டு கரண்டி. 3 கிலோ பொமரேனியனுக்கு இதில் கால் பங்கு போதும். ஒரே பண்டம் ஒரு நாய்க்குத் தீனியாகவும் இன்னொன்றுக்கு நஞ்சாகவும் ஆவது இப்படித்தான்.

கண்டியில் இந்தக் கணக்குக்கு ஒரு தனி அத்தியாயம் தேவை. கோப்பி இலைநோயால் அழிந்த பின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் மாத்தளைப் பக்கத்திலும் கொக்கோ வேரூன்றியது. கண்டோஸ் சொக்லட் செய்யும் தொழிற்சாலை குண்டசாலையில்தான் இருக்கிறது. மிளகு, சாதிக்காய், கோப்பி, பலா என்று அடுக்கடுக்காய் எழும் கண்டி வீட்டுத்தோட்டங்களில் கொக்கோ மரமும் ஒன்று. புளிக்க வைத்த விதையைப் பாயில் பரப்பி முற்றத்தில் காயவைக்கும் வீட்டில், கடையில் வாங்கிய சொக்லட் இல்லாமலே நஞ்சு காலடியில் கிடக்கிறது. காய்ந்த விதை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிராம். அதில் 10 மில்லிகிராம் தியோபுரோமினுக்குக் குறையாது. மேற்சொன்ன நாட்டு நாய்க்கு இருபது இருபத்தைந்து விதை, அதாவது ஒரு சிறு கைப்பிடி, தொல்லையின் வாசலுக்குக் கொண்டுபோகும். மேலை நூல்களின் அட்டவணைகள் சொக்லட் கட்டியை வைத்துத் தொடங்குகின்றன. இங்கே அட்டவணை பாயிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவுக் கொள்கையின் பலவீனம், அது கேட்கும் தகவல்களில் இருக்கிறது. நாயின் எடை, பண்டத்தின் வகை, தின்ற அளவு, தின்ற நேரம் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். பூட்டிய வீட்டில் ஒரே நாய் வளர்ப்பவரிடம் இவை இருக்கும். மூன்று வீட்டில் சோறு தின்று நான்காவது வீட்டுத் திண்ணையில் தூங்கும் நாயைப் பற்றி எவரிடமும் இருக்காது.

கணக்கு தடுமாறும் இடங்கள்

சைலிட்டோலுக்கு அளவு தெரியும். ஆனால் பொட்டலம் அதைச் சொல்வது அரிது. மனிதரில் அது இன்சுலினைப் பெரிதாகத் தூண்டாது. நாயில் இன்சுலின் வெள்ளமாகச் சுரந்து இரத்தச் சீனி சரிகிறது என்பதை 1960களிலேயே கண்டிருந்தனர். சீனியற்ற பண்டங்கள் பெருகிய பிறகு, 2000களில் ஈரல் செயலிழந்த நாய்களின் அறிக்கைகள் வந்தபோதே அது பொதுக் கவலையானது. கிலோவுக்கு 0.1 கிராம் சீனியைச் சரிக்கும், 0.5 கிராம் ஈரலைத் தாக்கலாம். சில சூயிங்கங்களில் துண்டு ஒன்றுக்கே 0.3 கிராமுக்கு மேல் இருக்கும். 3 கிலோ நாய்க்கு ஒரே துண்டு போதும். அரை மணி நேரத்திலேயே தள்ளாட்டம் தொடங்கலாம்; பன்னிரண்டு மணி நேரம் தாமதிக்கவும் கூடும். சோபிட்டோல், ஸ்டீவியா போன்ற பிற இனிப்பூட்டிகளுக்கு இந்தக் குணம் இல்லை என்பதால் பொட்டலத்தின் சிறிய எழுத்தைப் படிப்பது வீண்வேலை ஆகாது.

இங்கே முதல் விடை தலைகீழாகிறது. சைலிட்டோல் தின்று தளர்ந்தும் விழுங்கும் நிலையில் இருக்கும் நாய்க்கு, வைத்தியசாலைக்குப் போகும் வழியில் தேனோ சீனிப்பாகோ கொஞ்சம் நக்கக் கொடுப்பதே முதலுதவி. 'நாய்க்கு ஆகாத' சீனி அந்த வேளையில் மருந்து.

உலர்திராட்சையின் கதை இன்னும் சிக்கலானது. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதை 2001 அளவில் அமெரிக்க விலங்கு நஞ்சு மையத்தினர் கவனப்படுத்தினர். ஒரு நாய் கிண்ணம் நிறையத் தின்றும் நலமாக இருக்கும். இன்னொன்று கொஞ்சம் தின்று படுத்துவிடும். அளவுக்கும் விளைவுக்கும் தொடர்பு காண முடியாமல் இருபது ஆண்டு போயிற்று. 2021இல் தார்த்தாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. பழத்துக்குப் பழம் அதன் அளவு மாறுவதால் முன்னைய புதிரும் ஓரளவு விளங்கியது. மறு ஆண்டு அதே ஆய்வாளர்கள், தார்த்தாரிக் உப்பும் புளியம்பழமும் தின்ற நாய்களில் அதே வகைச் சிறுநீரகப் பழுதை விவரித்தனர்.

மேலை நாட்டில் இது ஓரத்துச் செய்தி. நமக்கு அடுப்படிச் செய்தி. தார்த்தாரிக் அமிலம் மிக வளமாக உள்ள பழங்களில் ஒன்று புளி. சீனியும் உப்பும் மிளகாயும் சேர்த்துருட்டிய புளி மிட்டாய் பாடசாலை வாசல் பெட்டிக்கடையின் பண்டம். ஒரு உருண்டையில் எவ்வளவு அமிலம், எத்தனை உருண்டை நாட்டு நாயைத் தாக்கும் என்பதற்கு நம்பத்தக்க அளவு இன்னும் வகுக்கப்படவில்லை. குழம்புச் சோற்றில் கலந்த சிறிதளவு புளியைத் தலைமுறைகளாக நாய்கள் தின்று வந்திருப்பதால் பதற்றத்துக்கும் இடமில்லை. ஆயினும் நஞ்சை முறிக்கப் புளிக் கரைசல் ஊட்டும் வழக்கத்தைக் கைவிட இந்தச் சான்றே போதுமானதாகத் தோன்றுகிறது.

நான்காம் விடை: கையை வைக்காதே, கொண்டுபோ

வைத்தியரிடம் விடு என்ற விடைக்கு நாட்டிலேயே உறுதியான களம் கண்டிதான். 1947இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியக் கல்வி 1950களில் பேராதனைக்கு வந்தது. இலங்கையின் ஒரே கால்நடை வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேயே உள்ளன. அரச கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகமும் பேராதனைப் பக்கமே.

வைத்தியர் செய்வது மந்திரமல்ல. தியோபுரோமினுக்கு முறிமருந்து கிடையாது. ஊசியால் கக்க வைப்பார். உயிர்ப்பூட்டிய கரியைக் கொடுப்பார். நாளத்தில் திரவம் ஏற்றுவார். இதயத்தையும் வலிப்பையும் அடக்குவார். இந்த நஞ்சு குடலுக்கும் ஈரலுக்கும் இடையே சுற்றி வருவதால் கரியை மறுபடியும் கொடுப்பதுண்டு. சிறுநீர்ப்பையிலிருந்தும் மீண்டும் உறிஞ்சப்படக்கூடும் என்பதால் நாயை அடிக்கடி வெளியே நடத்துவார்கள். அடுப்புக்கரி இந்தக் கரிக்கு மாற்றாகாது. சைலிட்டோலை இந்தக் கரியும் சரியாகப் பற்றாது.

இதன் எல்லைகள் இரண்டு. ஒன்று தூரம். பேராதனைச் சந்தியில் இருப்பவருக்குப் பத்து நிமிடம். புசல்லாவைத் தோட்ட லயத்தில் இருப்பவருக்கு இரவில் வாகனம் கிடைப்பதே பெரும்பாடு. பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகங்களின் அன்றாட வேலை பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும். அங்கு உடனடியாகக் கிடைப்பது தொலைபேசி ஆலோசனையாக இருக்கலாம். அதுவும் சிறிய உதவியல்ல.

மற்றது விசர்நாய் நோய். மேலை நூல்கள் பலவற்றில் இந்தப் பக்கமே இல்லை; அவற்றை எழுதிய நாடுகள் சிலவற்றில் அந்த நோய் இல்லை. இலங்கையில் அதற்கெதிரான கட்டளைச் சட்டம் 1893இலேயே வந்தும், 2006இல் தெருநாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டுத் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் கொள்கை மாறியும், நோய் முற்றாக ஒழியவில்லை. எச்சில் வடிதல், நடுக்கம், வலிப்பு, விழுங்க முடியாமை ஆகியவை சொக்லட் நஞ்சிலும் தலைகாட்டலாம். வயலுக்கு வைத்த பூச்சிமருந்து வயிற்றுக்குள் போனாலும் வரலாம். விசர் நோயிலும் வரலாம். தொண்டையில் டொபி சிக்கியது போல் திணறும் நாயின் வாய்க்குள் விரல் விட்டவர், உண்மையில் விசர் நோயின் தொண்டை வாதத்துக்குள் விரல் விட்டிருக்கக்கூடும். தின்றதைக் கண்ணால் கண்ட, தடுப்பூசி போட்ட வீட்டு நாய்க்கும், கண்டறியாத தெரு நாய்க்கும் ஒரே முதலுதவியைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். கடியோ கீறலோ எச்சிலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, நாயைப் பார்க்குமுன் மனிதர் வைத்தியசாலைக்குப் போவதே முறை.

தீர்ந்ததும் தீராததும்

நான்கு விடைகளையும் அருகருகே வைத்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பொட்டலத்தையோ மிச்சத்தையோ எடுத்து வைப்பது, நேரத்தைக் குறிப்பது, நாயின் எடையை மதிப்பிடுவது, பிறகு வைத்தியரை அழைப்பது என்ற ஒழுங்கு எல்லா வகைக்கும் பொருந்துகிறது. கருப்பட்டியோ டொபியோ ஓரிரண்டு என்றால் தண்ணீர் வைத்துக் கவனித்திருப்பது பெரும்பாலும் போதும். கறுப்புச் சொக்லட், கொக்கோத் தூள், காய்ந்த கொக்கோ விதை, சைலிட்டோல், உலர்திராட்சை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. உப்பும் சவர்க்காரமும் எந்நிலையிலும் வேண்டாம்.

தீராதவையும் உண்டு. தார்த்தாரிக் அமிலக் கருத்து வலுவாகத் தெரிந்தாலும் புளி மிட்டாய்க்கு அளவுகோல் இல்லை. எந்தப் பருவத்தில் ஆபத்து கூடும் என்ற கணக்கும் பிரித்தானிய நாட்காட்டிப்படியே இருக்கிறது: அங்கு 2017இல் வெளியான ஆய்வு, நாய்களின் சொக்லட் நஞ்சு நத்தாரிலும் உயிர்த்த ஞாயிறிலும் உச்சம் தொடுவதைக் காட்டியது. சித்திரைக்கும் வெசாக்குக்கும் பெரஹராவுக்கும் அப்படியொரு வரைபு வரையப்பட்டால் எச்சரிக்கையும் நம் நாட்காட்டிப்படி அமையும். எடையும் தெரியாமல், தின்றதும் தெரியாமல், தூக்கிப்போக ஆளும் இல்லாமல் தெருவில் வாழும் நாய்க்கு மேலே கண்ட நான்கில் எதுவுமே முழுவிடை அல்ல. அதற்கு இப்போதைக்கு இருக்கும் பாதுகாப்பு, கொக்கோப் பாயை உயரத்தில் கட்டுவதும் மிஞ்சிய கேக்கைக் குப்பைக்கூடையில் மூடி வைப்பதும்தான். இதுவரை கிடைத்த சான்றுகள் தாங்கும் தூரம் அவ்வளவே.